வளைவின் இடப்பக்கத்து முகம்

வென்பரி,
9 மார்ச் 1868

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம். நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டுகிறேன். அத்தானின் இருமல் எப்படி இருக்கிறது? மார்பில் கம்பளித் துணி சுற்றிக்கொள்ளச் சொல்.

நல்ல செய்தி ஒன்று. நம் ஹேஸல்கோம் தேவாலயத்தைப் புதுப்பிக்கும் வேலை எனக்கே கிடைத்துவிட்டது. லண்டன்காரர் ஒருவரும் போட்டிக்கு வந்தார். பாதிரியாருக்கு என் வரைபடங்கள்தான் பிடித்தன. இதுவரை நான் கட்டியவை இரண்டு பள்ளிக்கூடம், ஒரு தானியச் சந்தை, ஒரு வக்கீலின் குதிரை லாயம். முப்பத்திரண்டு வயதில் இதைச் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. இந்த வேலை நன்றாக அமைந்தால் பேராயர் கண்ணில் படுவேன். அப்புறம் இந்த மாவட்டத்தில் எந்தக் கோயில் ஒழுகினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

பீடத்துக்கு முன்னால் இருக்கும் பெரிய வளைவின் இரண்டு முனைகளையும் இரண்டு கல் தலைகள் தாங்குகின்றன அல்லவா? இடப்பக்கத்துத் தலை தேய்ந்தே போய்விட்டது. மூக்கும் இல்லை, வாயும் இல்லை, உருளைக்கிழங்கு மாதிரி இருக்கிறது. அதற்குப் பதிலாக அத்தான் ஒரு பெண் தலை செதுக்க வேண்டும். இடிக்கப்போகும் வடக்குச் சுவரின் பழைய கல்லிலேயே செதுக்கி, மற்றக் கல்லோடு ஒத்துப்போகும்படி நிறம் பூசட்டும். முகத்தை அவர் விருப்பத்துக்கு விடுகிறேன்.

இன்னொன்று, தவறாக எடுத்துக்கொள்ளாதே. கமிட்டிக்காரர்கள் பக்கத்தில் இருக்கும்போது அத்தான் என்னை ‘ஆம்பி’ என்று கூப்பிட வேண்டாம். ‘ஐயா’ என்றால் போதும். வேலை நடக்கும் இடத்தில் அதுதான் முறை.

தேயிலை ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன்.

உன் அன்புத் தம்பி,
ஆம்ப்ரோஸ் லிட்கேட்


ஹேஸல்கோம்,
22 மார்ச்

அருமைத் தம்பிக்கு அக்கா கெசியா எழுதுவது.

நான் சுகம். உன் அத்தான் இருமிக்கொண்டே சுகம். முப்பது வருஷமாகக் கல் தூசியைக் குடித்த நெஞ்சு, ஒரு முழம் கம்பளிக்கு அடங்குமா? தேயிலைக்கு நன்றி. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே ரொட்டியை மையில் தோய்த்துத் தின்ற ஆள் நீ.

‘ஐயா’ விஷயத்தை உன் அத்தான் ஜெத்ரோவிடம் சொன்னேன். “என் தோள்ல உக்காந்து சட்டையை நனைச்ச பய, இப்ப ஐயாவா? சரி, சொல்லிட்டாப் போச்சு, காசா பணமா” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதனால் வருத்தம் இல்லை என்றே வைத்துக்கொள்.

உன் ஆட்கள் கதவு வைத்த பழைய இருக்கைகளைப் பிடுங்க ஆரம்பித்ததும் ஊரே ரெண்டுபட்டுவிட்டது. மாவு மில்காரர் பெண்டாட்டி இருக்கைக் கதவின் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு, “எங்க மாமனார் காலத்துலேருந்து இந்தச் சாவி எங்க வீட்டு ஆணியில தொங்குது. நாளைலேருந்து நான் பன்னி மேய்க்கிறவன் பக்கத்துல உக்காந்து ஜெபம் பண்ணணுமா?” என்று பாதிரியாரையே கேட்டுவிட்டாள். பன்றி மேய்க்கிற ஓபி அடக்கமாக, “நான் வேணா குளிச்சிட்டு வரேம்மா” என்றான்.

ஜெத்ரோ தலையைச் செதுக்கத் தொடங்கிவிட்டார். கொட்டகைக் கதவைச் சாத்திக்கொள்கிறார். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொண்டுபோனால் வாசலிலேயே வாங்கிக்கொண்டு என்னைத் துரத்துகிறார். என்ன ரகசியமோ.

உன் அக்கா,
கெசியா


ஹேஸல்கோம்,
17 மே

அருமைத் தம்பிக்கு,

சுகமா? இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. வேலை அதிகம் என்று தெரியும், அதனால் திட்டவில்லை.

தலையைப் பார்த்துவிட்டேன். நேற்று அவரே கூப்பிட்டுக் காட்டினார். ஆம்பி, அது நம் தபிதா. என் பிள்ளை போய் இரண்டு குளிர்காலம் ஆகிறது. தொண்டை அடைத்து மூன்றே நாளில் போனவளுக்கு ஒரு படம்கூட நம்மிடம் இல்லை. வெயில் வந்ததும் வென்பரிக்குக் கூட்டிப்போய்ப் புகைப்படம் எடுக்கலாம் என்று இருந்தோம். வெயில் வரும்வரை அவள் இருக்கவில்லை. அவள் முகம் எனக்கு மறந்துகொண்டே வந்தது என்பதை இன்றுதான் வெளியில் சொல்கிறேன். மூக்கு நினைவில் இருந்தால் வாய் இருக்காது. அவருக்கோ ஒன்றுமே மறக்கவில்லை. ஏழு வயதுப் பிள்ளையை வளர்ந்த பெண் மாதிரி முக்காடு போட்டுச் செதுக்கியிருக்கிறார், ஆனாலும் அவளேதான். இடது கண்ணிமை கொஞ்சம் இறங்கியிருக்குமே, அதுகூட இருக்கிறது. கேள்வி கேட்பதற்கு முன் உதட்டைப் பிரிப்பாளே, அதுவும்.

நான் அழுதேன். அவர் உளிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, “நீ உக்கார்ற எடத்துலேருந்து நல்லாத் தெரியும், பாத்துதான் செதுக்கியிருக்கேன்” என்றார்.

பழைய கல்லோடு ஒத்துப்போக வேண்டும் என்று நீ சொன்னபடி புகைக்கரியும் சாணித் தண்ணீரும் பூசியாகிவிட்டது. என் பிள்ளை முகத்தில் சாணியா என்று ஒரு நொடி பதறினேன். அப்புறம் சிரித்துவிட்டேன். உயிரோடு இருந்தபோது அவள் பூசிக்கொள்ளாததா?

வந்து பார். நீயும் அவளைத் தூக்கி வைத்திருந்தவன்.

உன் அக்கா,
கெசியா


வென்பரி,
12 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். வியாழக்கிழமை தேவாலயத்துக்கு வந்திருந்தேன். தொல்பொருள் சங்கத்தின் செயலர், குருவானவர் கார்விதனும் உடன் வந்தார். அவர் வண்டியிலேயே திரும்ப வேண்டியிருந்ததால் வீட்டுப் பக்கம் வர முடியவில்லை. மன்னித்துக்கொள்.

தலை மிக அருமையாக அமைந்திருக்கிறது. அத்தானிடம் என் பாராட்டைச் சொல்.

பார்க்க வருகிறவர்களிடம் செதுக்கு வேலைகளைப் பற்றி அத்தான் இப்போதைக்கு எதுவும் பேசாமல் இருப்பது நல்லது. அடுத்த மாதம் சங்கத்தில் நான் ஒரு கட்டுரை வாசிக்கிறேன். அதற்கு முன் வெளியே பேச்சு கிளம்பினால் குழப்பமாகும். இருமலுக்குத் தேன் கலந்து குடிக்கச் சொல்.

ஆம்ப்ரோஸ்


ஹேஸல்கோம்,
21 ஜூன்

தம்பிக்கு,

நாங்கள் சுகம். தேன் கொடுத்தேன். நெஞ்சு கேட்கவில்லை.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ‘தலை அருமை’ என்று எழுதியிருக்கிறாய். யார் தலை என்று எழுதவில்லை.

வியாழக்கிழமை நடந்ததை ஜெத்ரோவிடம் தோண்டித் தோண்டிக் கேட்டேன். நீயும் அந்தக் குருவானவரும் கொட்டகைக்குள் வந்தீர்களாம். வைக்கோலில் கிடந்த தலையைப் பார்த்ததும் அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, “லிட்கேட்! இது எங்க கெடைச்சுது? அறுநூறு வருஷமாவது இருக்குமே! இந்த இமையைப் பாருங்க, இந்தக் காலத்துல எவனுக்கு இப்படிச் செதுக்க வரும்?” என்றாராம். இங்கே பழைய காலத்தில் ஒரு கன்னியர் மடம் இருந்தது, அதன் தலைவிதான் இந்தக் கோயிலைக் கட்டினாள் என்று நீ சொல்லிவந்தாயாமே, அதற்கு இதுவே சாட்சி என்று உன் கையைப் பிடித்துக் குலுக்கினாராம்.

“ஆம்பி என்ன சொன்னான்?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் சொல்லலை.”

“நீங்க?”

“அவன் ஐயா. ஐயா பேசுறதுக்கு முன்னாடி நான் எப்படிப் பேசறது? எதாவது தொழில் காரணம் இருக்கும், விடு” என்றார்.

என்ன காரணம், தம்பி? எனக்கு எழுது.

கெசியா அக்கா


வென்பரி,
30 ஜூலை

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இங்கே வெயில் கடுமை. உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை.

கட்டுரை வாசிப்பு நன்றாக நடந்தது. என்னைச் சங்கத்தின் ஆட்சிக்குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். தலைமைப் பேராலயத்தின் தெற்குப் பக்கம் பழுது பார்க்கும் வேலைக்கு என் பெயர் அடிபடுகிறதாம். அப்பா கல் சுமந்த ஊரில் இருந்து வந்தவனுக்கு இது சின்ன விஷயமா, நீயே சொல்.

செப்டம்பர் 3 அன்று பேராயர் வந்து தேவாலயத்தைத் திறந்துவைக்கிறார். நீயும் அத்தானும் நல்ல உடை உடுத்தி வாருங்கள். தொழிலாளர் குடும்பங்களுக்குக் களஞ்சியத்தில் விருந்து உண்டு. மற்றதை நேரில் பேசலாம்.

ஆம்ப்ரோஸ்


ஹேஸல்கோம்,
6 செப்டம்பர்

தம்பிக்கு,

நேரில் பேசலாம் என்றாய். பேசினாய். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கூடாரத்தில் துரைமார்களுக்குக் கோழியும் ஷாம்பெயினும், களஞ்சியத்தில் எங்களுக்குக் குளிர்ந்த மாட்டிறைச்சியும் ஆப்பிள் மதுவும். அதில் எனக்குக் குறை இல்லை, எங்கள் இறைச்சிதான் நன்றாக இருந்தது. சாப்பாடு முடிந்து பேராயரோடும் கார்விதனோடும் நீ களஞ்சியத்துக்கு வந்தாய். ஜெத்ரோ எழுந்து நின்றார். கல்யாணக் கோட்டைப் போட்டிருந்தார். பேராயர், “இவர் யாரு?” என்று கேட்டார். நீ, “எங்க ஊர்க் கொத்தன், பிரபுவே. நம்பகமான ஆள்” என்றாய். பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்துத் தலையசைத்தாய், பால்காரியைப் பார்த்து அசைப்பது போல.

அவர் உன் அக்காள் புருஷன் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? நம் அப்பா செத்த வருஷம் உன்னை வென்பரிக்குப் படிக்க அனுப்ப இரண்டு ஆள் வேலையை ஒரு ஆளாகச் செய்தவர் அவர். இதைச் சொல்லிக்காட்டக் கூடாது என்று இத்தனை வருஷம் என் வாயை அவர்தான் கட்டிப்போட்டிருந்தார். இன்று அவிழ்த்துவிட்டேன்.

அது கிடக்கட்டும். கார்விதன் மேடையில் என்ன சொன்னார் என்று நீயும் கேட்டாய். ‘திரு. லிட்கேட் சுவருக்குள் கண்டெடுத்த மடத்துத் தலைவியின் சிரசு’ என்றார். கோயில் ஈரத்தில் கெட்டுவிடும், குளிர்காலத்துக்குள் வென்பரி அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிக்குள் வைக்க வேண்டும் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நீயும் தட்டினாய், ஆம்பி. நான் பார்த்தேன்.

அவளை வளைவில் ஏற்றியதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை நான் அவளைத்தான் பார்க்கப் போகிறேன். ஆண்டவர் கோபித்துக்கொண்டாலும் அதுதான் உண்மை. அவளை எடுத்துப்போக விடாதே. இதைத் தவிர உன்னிடம் எனக்கு எதுவும் வேண்டாம்.

கெசியா


வென்பரி,
14 செப்டம்பர்

அக்கா,

நலம் விசாரிக்கும் தகுதிகூட எனக்கு இல்லை.

வைக்கோலில் பார்த்த அந்த நொடியே தெரிந்துவிட்டது, தபிதா என்று. தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். கார்விதன் என் கையைக் குலுக்கியபோது வாய் திறக்கத்தான் போனேன். இரண்டு வருஷமாக என் மடக் கதையைக் கேட்டுச் சிரித்தவர் அவர். இன்னும் ஒரே ஒரு நிமிஷம் அவர் மரியாதையை அனுபவித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த நிமிஷம் போனது, அப்புறம் ஒரு நாள் போனது. கட்டுரையில் எழுதும்போது இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். ஆனாலும் எழுதினேன். அச்சிலும் வந்துவிட்டது.

களஞ்சியத்தில் செய்ததற்கு மன்னிப்புக் கேட்க வார்த்தை இல்லை. அத்தானின் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது, அதனால்தான் ‘கொத்தன்’ என்று வாயில் வந்தது.

அக்டோபர் 12 சங்கத்தின் கூட்டம். தலையைக் கண்டெடுத்த விவரத்தைப் பதிவு செய்ய அத்தானையும் அழைக்கிறார்கள். நான் எழுந்து எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன். பேராலய வேலை போகும், பெயர் போகும், போகட்டும். அத்தான் ஒரு வார்த்தை பேச வேண்டாம். வந்து நின்றால் போதும்.

உன் தம்பி,
ஆம்பி


ஹேஸல்கோம்,
18 அக்டோபர்

ஆம்ப்ரோஸுக்கு,

உனக்கு ஜலதோஷம் என்று கூட்டத்தில் சொன்னார்களாம். குணமாகிவிட்டதா?

ஜெத்ரோ ஒன்பது மைல் நடந்து வந்தார். கல்யாணக் கோட்டுதான். நீ பேசுவாய், தான் நின்றால் போதும் என்றுதான் வந்தார். பதினொரு துரைமார்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்களாம். உன் நாற்காலி காலி. கார்விதன், “இந்தத் தலை வடக்குச் சுவருக்குள்ளதானே கெடைச்சுது?” என்று கேட்டார். இவர் கதவைப் பார்த்தார். அவர் மறுபடி கேட்டார். இவர் மறுபடியும் கதவைப் பார்த்தார். நீ வரவில்லை.

“ஆமாங்க ஐயா, சுவருக்குள்ளதான் இருந்துச்சு” என்றார்.

“இதே மாதிரி நகல் ஒண்ணு செஞ்சு கோயில்ல வைக்கணும். உன்னால முடியுமா?”

“முடியாதுங்க ஐயா. அதுக்கான கை எனக்கு இல்லீங்க.”

அவர்கள் எல்லோரும் சிரித்தார்களாம், நல்லபடியாகத்தான். பணிவுள்ள ஆள் என்று முதுகில் தட்டினார்களாம். ஒரு தாளில் அவர் சொன்னதை எழுதி, கையெழுத்துக்குப் பதிலாகக் கீறல் வாங்கிக்கொண்டார்கள்.

நான் கத்தினேன். இருபத்தாறு வருஷக் கல்யாணத்தில் நான் அவரைப் பார்த்துக் கத்தியது அன்றுதான். “பெத்த பிள்ளையைக் குடுத்துட்டு வந்திருக்கீங்களே!” என்றேன். அவர் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, “கல்லு சுவர்லேருந்து வந்ததுதானே, முழுப் பொய் இல்ல. நான் உண்மையைச் சொன்னா அவனை அங்கேயே கிழிச்சுப் போட்டுடுவாங்க, கெசியா. தபிதா போயிட்டா. இவனாவது இருக்கட்டும்” என்றார்.

செவ்வாய்க்கிழமை தலையை எடுக்கிறார்கள். எடுத்துத் தரப்போவதும் அவர்தான். ஊரில் வேறு கொத்தன் இல்லையே.

கெசியா


வென்பரி,
26 அக்டோபர்

அக்கா,

ஜலதோஷம் இல்லை. கூட்டம் நடந்த கட்டடத்தின் வாசல்வரை வந்தேன். ஜன்னல் வழியாக அத்தானின் கோட்டைப் பார்த்தேன். திரும்பிப் போய்விட்டேன். இதைவிடக் கேவலமாக ஒரு மனிதன் இருக்க முடியாது.

இன்று காலை கார்விதனுக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டேன். அத்தான் என் அக்காள் கணவர் என்றும், அது அவர் மகளின் முகம் என்றும், நான் பொய்யன் என்றும் எழுதிவிட்டேன். ஆதாரமும் சொன்னேன். தான் செதுக்கும் ஒவ்வொரு கல்லிலும், சுவருக்குள் மறையும் பக்கத்தில், அத்தான் தன் அடையாளக் குறியைக் கொத்துவார். எந்தக் கொத்தனும் அதை விடமாட்டான். தலையைத் திருப்பிப் பாருங்கள் என்று எழுதினேன். இனி அவர்களால் மறுக்க முடியாது. அவள் உன்னிடம் திரும்பி வருவாள்.

ஆம்பி


வென்பரி, தொல்பொருள் சங்கம்,
9 நவம்பர்

மதிப்பிற்குரிய திரு. லிட்கேட் அவர்களுக்கு,

தங்கள் உடல்நலம் பற்றி நாங்கள் எல்லோரும் கவலையாக இருக்கிறோம். தங்கள் கடிதம் அந்தக் கவலையை அதிகப்படுத்தியது.

தாங்கள் கேட்டபடி சிரசைத் திருப்பிப் பார்த்தோம். எந்தக் குறியும் இல்லை. பின்பக்கம் முழுவதும் புதிதாகக் கொத்திக் கரடாகியிருக்கிறது. கழற்றும்போது அந்தக் கொத்தன் கவனமில்லாமல் செய்திருப்பான். சுவருக்குள் கிடைத்தது என்று அவனே எங்கள் முன் சாட்சி சொல்லியிருக்கிறான். தன்னால் அப்படி ஒன்றைச் செதுக்க முடியாது என்பதையும் அவன் நேர்மையாக ஒப்புக்கொண்டான். எளிய உறவினர் ஒருவருக்குப் பெருமை சேர்க்கத் தாங்கள் இந்த அளவுக்குத் தங்களையே தாழ்த்திக்கொண்டது தங்கள் நல்ல மனதைக் காட்டுகிறது. வேலைப் பளுவில் எவருக்கும் மனம் தளர்வது இயல்பே. தங்கள் கடிதத்தை எரித்துவிட்டேன்.

பேராலய வேலை தங்களுக்கே என்று முடிவாகியிருக்கிறது. கடற்கரைப் பக்கம் பதினைந்து நாள் ஓய்வெடுத்துவிட்டு வாருங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
எஸ். கார்விதன்


ஹேஸல்கோம்,
10 ஜனவரி 1869

ஆம்ப்ரோஸுக்கு,

கார்விதனின் கடிதத்தை நீ அனுப்பி இரண்டு மாதம் ஆகிறது. நாங்கள் இருக்கிறோம். அவர் இருமல் அப்படியே இருக்கிறது.

குறி எங்கே போனது என்று கேட்டிருந்தாய். அவர்தான் கொத்தி அழித்துவிட்டார். தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தன் குறி இருந்த இடத்தை அரை மணி நேரம் கொத்தினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். “இது யார் கண்ணுலயாவது பட்டா ஆம்பி மாட்டிக்குவான்” என்றார். நீ ஒரு வாரம் முன்னால் எழுதியிருந்தால் போதும். அந்தக் குறி அங்கேயேதான் இருந்தது.

உன் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. தீரும் என்றும் சொல்லமாட்டேன். அவருக்குக் கோபமே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

புதன்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் அருங்காட்சியகத்துக்கு வரலாம் என்றார்கள். போன புதன் இருவரும் போனோம். உன் தெரு வழியாகத்தான் போனோம், உன்னைக் கூப்பிடவில்லை. இரண்டாவது அறையில், ரோமானியக் காசுகளுக்கும் பஞ்சடைத்த ஆந்தைக்கும் நடுவில் இருக்கிறாள். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். காவலாளி வந்து, “கிட்டப் போகாத பெரியவரே, கண்ணாடியில மூச்சு படுது” என்றான். அங்கிருந்த ஒரு துரை நல்ல மனதோடு வந்து, அந்தக் காலத்துச் செதுக்கு வேலை எப்படி இருக்கும் என்று இவருக்கு விளக்கிச் சொன்னார். உளி எப்படிப் பிடித்திருப்பார்கள் என்று விரலால் காட்டினார். இவர் முழுவதையும் கேட்டுவிட்டு, “அப்படிங்களா ஐயா” என்றார்.

துரை போனதும் கண்ணாடிக்குக் கீழே இருந்த அட்டையைக் காட்டி, “என்ன எழுதியிருக்கு?” என்று என்னிடம் கேட்டார். அவருக்குத்தான் படிக்கத் தெரியாதே. மடத்துத் தலைவி, அறுநூறு ஆண்டுப் பழமை என்று எழுதியிருந்தது. நான், “தபிதா பார்டோ, வயசு ஏழு, ஹேஸல்கோம். செதுக்கினது அவங்க அப்பா” என்று வாசித்தேன். நானும் பொய் சொல்லிவிட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். “சரியாத்தான் எழுதியிருக்காங்க” என்றார்.

அட்டையின் கடைசி வரியில் பெரிய எழுத்தில் உன் பெயர் இருந்தது. அதை நான் வாசிக்கவில்லை.

கெசியா பார்டோ